மெட்டல்கோர் ரிதம் டோன்: கெய்னுக்கு முன்னால் நடக்க வேண்டியது

முதன்முதலாக ஒரு ஹை-கெய்ன் ஆம்ப் பிளகினை (கிட்டார் ஆம்ப்பை நகலெடுக்கும் மென்பொருளை) லேப்டாப்பில் ஏற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கெய்ன், அதாவது சிக்னலைப் பெருக்கும் குமிழ், பத்து, பாஸ் பத்து, டிரெபிள் பத்து, மிட் பூஜ்யம். ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டால் மிரட்டலாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. அதே டோனை டிரம்ஸும் பாஸ் கிட்டாரும் ஓடுகிற பேக்கிங் டிராக்கோடு சேர்த்து வாசித்தால் கிட்டார் எங்கே போனதென்றே தெரியாது. கீழே ஒரு உறுமல், மேலே ஒரு இரைச்சல், நடுவில் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) காணோம். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் சித்தி மகன் அனுப்பிய ரெக்கார்டிங் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. கெய்னைப் பாதியாகக் குறைடா என்றேன். "இன்னாண்ணா, கம்மி பண்ணா வெயிட்டே போயிடுமே" என்றான். போகாது. ஏன் போகாது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த இசை கிட்டாரிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிடலாம். மெட்டல்கோர் என்பது ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்தது. கில்ஸ்விட்ச் என்கேஜ், ஆகஸ்ட் பர்ன்ஸ் ரெட், பார்க்வே டிரைவ் போன்ற குழுக்களைக் கேட்டிருந்தால் சட்டென்று புரியும்: டபுள் பாஸ் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு ஓடும் வேகமான பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அடக்கி அடிப்பது), திடீரென்று எல்லாம் நின்று நின்று அடிக்கும் பிரேக்டவுன், அப்புறம் கோரஸில் அகலமாக விரியும் கார்டுகள். பிரேக்டவுனில் இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் மௌனம் சுத்தமாக இருந்தால்தான் அடுத்த அடி நெஞ்சில் விழும். ஆக நமக்குக் கனம் மட்டும் போதாது, ஒவ்வொரு அடியும் தொடங்குவதும் முடிவதும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கிட்டார்காரர்கள் இதை 'டைட்' என்பார்கள்.

சரி, டிஸ்டார்ஷன் என்றால் உள்ளே என்ன நடக்கிறது? கம்பி அதிரும்போது பிக்கப்பிலிருந்து (கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளிலிருந்து) வருவது மிகச் சிறிய மின் அலை. ஆம்ப் அதைப் பெருக்கிக்கொண்டே போகிறது. ஓர் எல்லைக்கு மேல் பெருக்க இடமில்லாதபோது அலையின் உச்சி வெட்டுப்பட்டு மொட்டையாகிவிடுகிறது. இதனால் இரண்டு விளைவுகள். ஒன்று, அசல் சுரத்தில் இல்லாத மேல் அதிர்வுகள் புதிதாக முளைக்கின்றன. நாம் 'கரகர' என்று ரசிப்பது அதைத்தான். இன்னொன்று, மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் வெளியே வரும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிடுகிறது. கெய்னை ஏற்ற ஏற்ற இந்த இரண்டாவது விளைவு முதலாவதை விழுங்க ஆரம்பிக்கும். அடியின் முனை மழுங்கும், கையின் அழுத்தம் தெரியாது, கம்பியில் விரல் உரசுவதும் பிக்கப்பின் இரைச்சலும் சுரத்துக்குச் சமமாக எழுந்து நிற்கும். பத்தில் வைத்த கெய்ன் அடியின் வேகத்தைத் தின்றுவிட்டுத்தான் அந்தத் தடிமனைக் கொடுக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம், ஆனால் யாரும் ஆரம்பத்தில் சொல்லித் தருவதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள் டிஸ்டார்ஷனுக்குள் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புதிய சுரங்களாக வெளியே வரும். டிராப் சி ட்யூனிங்கை, அதாவது கம்பிகளைத் தளர்த்தி ஆறாவது கம்பியைச் சி வரை இறக்கும் முறையை, எடுத்துக்கொள்வோம். ஆறாவது கம்பி சி, ஏறக்குறைய 65.4 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி ஜி, 98 ஹெர்ட்ஸ். இரண்டையும் சேர்த்து அடித்தால் வருவதுதான் பவர் கார்டு. வித்தியாசம் சுமார் 32.6, அதாவது அதே சி, ஒரு ஆக்டேவ் கீழே. டிஸ்டார்ஷனில் பவர் கார்டு மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாக ஒலிக்கிறது என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான், கீழே தானாகவே ஒரு ஆதார சுரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது அந்த ஜியின் இடத்தில் ஈயைப் போடுங்கள், 82.4 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 17. அது காது கேட்கும் எல்லைக்கே கீழே. சுரமாக வராது, தடதடவென்ற நடுக்கமாக வரும். டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில் இனிமையாக இருக்கிற மேஜர் கார்டு ஹை-கெய்னில் சேறாவது இதனால்தான்.

இதில் ஒளிந்திருக்கும் பாடம் என்னவென்றால், தாழ்ந்த அதிர்வுகள்தான் அளவில் பெரியவை, டிஸ்டார்ஷனின் எல்லையை முதலில் முட்டுவதும் அவைதான். அவை முட்டி மொட்டையாகும்போது மேலே சவாரி செய்துகொண்டிருந்த மற்ற சுரங்களும் சேர்ந்து வெட்டுப்படுகின்றன. பிறகு ஆம்ப்பில் பாஸ் குமிழைக் குறைத்துப் பயனில்லை, ஏனென்றால் பீவி 5150 மாதிரி ஹை-கெய்ன் ஆம்ப்களில் பாஸ், மிட், டிரெபிள் குமிழ்கள் ப்ரீஆம்ப் (ஆம்ப்பின் முதல் பெருக்குப் பகுதி) டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வருகின்றன. சோறு வெந்த பிறகு கல் பொறுக்க முடியாது, அரிசியாக இருக்கும்போதே பொறுக்க வேண்டும். தாழ்ந்த அதிர்வில் வேண்டாததைக் கெய்னுக்கு முன்னாலேயே கழித்துவிட்டு, வேண்டிய அளவு பாஸைக் கெய்னுக்குப் பின்னால் சேர்த்துக்கொள்வதுதான் இந்த டோனின் அடிப்படை. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

இந்தக் கழிக்கும் வேலைக்கு எல்லோரும் நம்புவது ஒரு பச்சை நிறப் பெடலை. ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்க்ரீமர், 1970களின் கடைசியில் டிஎஸ்808 என்ற பெயரில் வந்தது, 80களில் டிஎஸ்9. மெட்டலுக்காகச் செய்யப்பட்டதே இல்லை அது, மிதமான ஓவர்டிரைவ் பெடல். ஆனால் அதன் சர்க்யூட்டில் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறைந்துகொண்டே போகும், நடு அதிர்வுகள் கொஞ்சம் புடைத்து நிற்கும். ஹை-கெய்ன் ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் நாம் கேட்ட கழித்தல் தானாக நடந்துவிடுகிறது. டிரைவ் குமிழ் பூஜ்யத்தில் அல்லது அதை ஒட்டி, லெவல் முக்கால்வாசிக்கு மேல், டோன் நடுவில். இது ஏறக்குறைய உலகப் பொது செட்டிங். பெடலில் டிரைவை ஏற்றாதீர்கள், டிஸ்டார்ஷன் ஆம்ப்பின் வேலை. அநேகமாக எல்லா ஆம்ப் பிளகினிலும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலும் இதன் நகல் ஒன்று ஏதோ ஒரு பெயரில், பச்சை நிறத்தில் உட்கார்ந்திருக்கும். அது இல்லாவிட்டால் ஒரு ஈக்யூ (அதிர்வுகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு ஆம்ப்புக்கு முன்னால் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரித்துவிட்டாலும் பெரும்பகுதி வேலை முடிந்தது.

செய்து பாருங்கள்: ஆறாவது கம்பியை பாம் மியூட் செய்து பதினாறாம் நோட்டுகளாக ஓட்டுங்கள், ஓட்டிக்கொண்டே பெடலை அணைத்து அணைத்துப் போடுங்கள். அணைத்தால் 'பொம்பொம்' என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போட்டால் 'டக்டக்டக்' என்று பிரியும். இந்த வித்தியாசத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் எந்த ஆம்ப்பிலும் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆம்ப்புக்கு வருவோம். இந்த வகை இசையில் திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர்கள் இரண்டு. ஒன்று பீவி 5150, 1992இல் எடி வான் ஹேலனுக்காக வந்தது, பின்னாளில் அவர் பீவியை விட்டுப் போனதும் 6505 என்று பெயர் மாறியது. மற்றொன்று மெசா பூகி டூயல் ரெக்டிஃபயர். முதலாவது நடுவில் உறுமும், முன்னால் தள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது கீழே அகலமானது, ஆனால் தொளதொளப்பு, பச்சைப் பெடல் இல்லாமல் அதில் வேகமான ரிஃப் வாசிப்பது கஷ்டம். உங்கள் பிளகினில் இவற்றின் பெயர் நேராக இருக்காது, படத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். முதல் டோனுக்கு 5150 வகையைத்தான் நான் சொல்வேன், அதில் தவறான செட்டிங் வைப்பதே கொஞ்சம் சிரமம். காசு போட வேண்டியதுமில்லை, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச பிளகின் ஒன்றே போதும், இந்த ஆம்ப்களின் மாதிரிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன.

கெய்னை எங்கே வைப்பது என்பதற்கு எண் சொல்லிப் பிரயோஜனமில்லை, ஒரு ஆம்ப்பின் நான்கு இன்னொரு ஆம்ப்பின் ஏழு. முறை சொல்கிறேன். பூஜ்யத்திலிருந்து தொடங்கி, உங்கள் பாட்டிலேயே வேகமான ரிஃப்பை வாசித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். சுரம் பாதியில் செத்துப் போகாமல் நீள ஆரம்பிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கை போகும், போகக் கூடாது. 5150 வகை ஆம்ப்பில் பெடலும் முன்னால் இருந்தால் அது அநேகமாகப் பாதிக்குக் கீழேயே நிற்கும். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் வறட்சியாக, "இவ்வளவுதானா?" என்று இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மிட்டைப் பூஜ்யத்தில் வைக்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதில் உங்கள் தப்பு எதுவுமில்லை. மனிதக் காது சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வுகளையும் மிக உயர்ந்த அதிர்வுகளையும் சரியாகக் கேட்காது. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வளைகோடுகளாகப் போட்டுவிட்டார்கள். வீட்டில் அப்பா தூங்கிய பிறகு ராத்திரி மெல்ல வைத்து வாசித்தால் பாஸும் டிரெபிளும் குறைவாகத் தெரியும், ஏற்றுவோம், மிட் அதிகமாகத் தெரியும், இறக்குவோம். மறுநாள் பிராக்டிஸ் ரூமில் அதே செட்டிங்கைச் சத்தமாக வைத்தால் சுவர் அதிரும், ரிஃப் கேட்காது. கிட்டார் என்ற வாத்தியத்தின் குரலே நடு அதிர்வில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கீழே பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும், மேலே சிம்பலும் உங்களை மூடிவிடும். மிட் ஆறில், பாஸ் நான்கில், டிரெபிள் ஐந்தில், ப்ரெசென்ஸ் ஐந்தில் தொடங்குங்கள், பிறகு டிரம்ஸோடு கேட்டபடி மட்டும் மாற்றுங்கள். கிட்டாரைத் தனியாக ஓடவிட்டு ஈக்யூவைத் தொடுவதில்லை என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வரவே வராது.

அடுத்தது கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி. இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், என் கணக்கில் ஆம்ப்பைவிட டோனை அதிகம் மாற்றுவது இதுதான். கிட்டார் ஸ்பீக்கர் என்பது வீட்டு மியூசிக் சிஸ்டம் மாதிரி எல்லாவற்றையும் உள்ளபடி கேட்க வைக்காது, ஐந்தாறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சடாரென்று குறைந்துவிடும். அதனால்தான் கேபினெட் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரடியாக ஹெட்ஃபோனில் கேட்டால் காது கூசுகிறது. கம்ப்யூட்டரில் இந்த வேலையை ஐஆர் என்ற சின்ன ஆடியோ ஃபைல் செய்கிறது, ஒரு குறிப்பிட்ட கேபினெட், ஒரு குறிப்பிட்ட மைக், மைக் வைத்த இடம் மூன்றும் சேர்ந்து சத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்பதன் பதிவு அது. மெட்டலில் வாடிக்கையான ஜோடி, 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட கேபினெட்டில் செலஸ்டியன் வின்டேஜ் 30, முன்னால் ஷூர் எஸ்எம்57 மைக். அந்த ஸ்பீக்கர் 1986இல் வந்தது, மைக் 1965இலிருந்து இருக்கிறது, இரண்டுக்கும் இன்றுவரை ஓய்வில்லை.

ஐஆர் ஃபைல்களை நூற்றுக்கணக்கில் டவுன்லோட் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். நான்கைந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோனின் நடுவில் மைக் வைத்தது கூர்மையாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக மங்கும், இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். டோன் மிகவும் கிறீச்சிடுகிறது என்றால் டிரெபிளைத் திருகுவதற்கு முன்னால் ஐஆரை மாற்றிப் பாருங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை: பிளகினின் சொந்தக் கேபினெட்டை அணைக்காமல் தனியாக ஐஆரும் போட்டால் இரட்டைக் கேபினெட்டாகி, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தம் அமுங்கிவிடும். டோன் ஏன் மந்தமாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் பாருங்கள் என்பேன்.

இவ்வளவும் கருவி. இனி கை. டோன் கையில் இருக்கிறது என்று சொன்னால் ஏதோ தத்துவம் பேசுவதாக நினைக்கிறார்கள், பாம் மியூட்டில் அது மில்லிமீட்டர் கணக்கு. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க மேடு கம்பி மீது உட்கார வேண்டிய இடம் பிரிட்ஜின் சேடில் (கம்பி உட்காரும் சின்ன உலோகத் துண்டு) மேலேயே, கம்பி சேடிலை விட்டுக் கிளம்பும் அந்த விளிம்பில். முழுக்கச் சேடிலுக்குப் பின்னால் போனால் மியூட்டே ஆகாது, கம்பி திறந்தே ஒலிக்கும். பிக்கப் பக்கம் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் 'தப்தப்' என்று சுரமே இல்லாமல் வெறும் தட்டல் மட்டும் வரும். நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே சுரமும் தெரியும், அடியும் விழும். கெய்னை முழுக்க இறக்கி, கிளீன் டோனில் கையை முன்னும் பின்னும் நகர்த்தி அந்த இடத்தைத் தேடுங்கள், கிளீனில் கேட்பதுதான் உண்மை. அழுத்தமும் அதே மாதிரிதான்: கையை வைத்தால் போதும், அமுக்கக் கூடாது, அமுக்கினால் கம்பி இழுபட்டு ஸ்ருதி ஏறிவிடும். ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜ் என்றால் இன்னும் மோசம், பிரிட்ஜே சாய்ந்து எல்லாக் கம்பியின் ஸ்ருதியும் ஒன்றாகப் போய்விடும்.

பிக் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும், வளைகிற பிக் அடியைத் தாமதப்படுத்தும். நெக் பக்கம் அடிக்காதீர்கள், பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேர் மேலே அடியுங்கள். பிரேக்டவுனில் எல்லாம் கீழ் அடியாகவே வாசித்தால் வரும் சீரான எடை, மேலும் கீழும் அடித்தால் வராது. இடது கையும் சும்மா இருக்கக் கூடாது, வாசிக்காத கம்பிகளை விரல் பக்கவாட்டால் தொட்டு அடக்கி வைக்க வேண்டும். ஹை-கெய்னில் அடங்காத ஒரு கம்பி போதும், முழு ரிஃப்பையும் கெடுத்துவிடும்.

கம்பி. பெரும்பாலான கிட்டார்கள் கடையிலிருந்து வரும்போது 09-42 அல்லது 10-46 செட்டோடு வருகின்றன (எண்கள் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), சாதாரண ஈ ட்யூனிங்குக்கு அது சரி. அதையே டிராப் சிக்கு இறக்கினால் ஆறாவது கம்பி தொங்கும், ஓங்கி அடித்ததும் ஸ்ருதி மேலே குதித்துப் பிறகு கீழே விழும். அந்தக் குதிப்பை எந்தப் பிளகினாலும் சரிசெய்ய முடியாது. 25.5 அங்குல ஸ்கேல் கிட்டாரில் டிராப் சிக்கு ஆறாவது கம்பி 54 அல்லது 56 போடுங்கள். தடித்த கம்பி போட்டால் கழுத்தின் தலைப்பக்கம் இருக்கும் நட்டின் பள்ளத்தில் அது சரியாக உட்காராமல் போகலாம், இன்டோனேஷனும் (மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ருதி சரியாக இருப்பது) மாறும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்துச் சரிபார்த்துச் சேடிலை நகர்த்துவது அவசியம். வேலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது, மாடி அறையில் வாசித்தால் கை வியர்வையில் கம்பி சீக்கிரமே கறுத்துவிடும், கறுத்த கம்பியில் அந்தக் கூர்மையான 'டக்' வராது. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் சூட்டில் கம்பி இளகி ஸ்ருதி இறங்கும், பத்து நிமிடம் விட்டு மறுபடி ட்யூன் செய்த பிறகு வாசியுங்கள்.

இரைச்சல் என்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. கெய்ன் சுரத்தைப் பெருக்குவதுபோலவே வீட்டு மின்சாரத்தையும் பெருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 'ம்ம்ம்' என்ற ஹம் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் வருகிறது. ஹம்பக்கர் பிக்கப் இந்த ஹம்மைப் பெரும்பாலும் அடக்கிவிடும், பெயரே அதற்குத்தான். ஆனால் எல்இடி விளக்கின் டிரைவர், ஃபேன் ரெகுலேட்டர் இவை கிளப்பும் 'கிர்ர்' என்ற இரைச்சல் ஹம்பக்கரையும் தாண்டி வந்துவிடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேன் நடு வேகத்தில் ஓடும்போது இரைச்சல் அதிகம், முழு வேகத்தில் வைத்தால் குறையும், ஏனென்றால் நடு வேகத்தில் அது மின் அலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. மே மாதத்தில் வேலூரில் ஃபேனை அணைத்துவிட்டு வாசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு வேகத்தில் வைத்துவிட்டு வாசியுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது டோன் செட் பண்ணவே உட்காராதீர்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை, அதன் முரட்டு விளிம்புகள் நேரே பிக்கப்பில் ஏறும்.

கொசப்பேட்டை, வேலப்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் சகஜம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி சார்ஜரும் எர்த்தும்தான், பேட்டரியில் ரெக்கார்ட் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துச் செருகும் வித்தை நிறையப் பேருக்குத் தெரியும், ஆம்ப்பில் அதைச் செய்யவே கூடாது. கம்பியும் பிரிட்ஜும் எர்த்தோடு இணைந்தவை, வியர்த்த கையால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் கிட்டார் இருக்கும்போது ஹம் பாதியாகிவிடும், அந்தத் திசையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் நாய்ஸ் கேட், வாசிக்காத நேரத்தில் சத்தத்தை அடைக்கும் கதவு மாதிரி. வரிசையில் முதலில், பெடலுக்கும் முன்னால். கம்பிகளைக் கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டு த்ரெஷோல்டை (எந்த அளவுச் சத்தத்துக்குக் கீழே மூட வேண்டும் என்பதை) மெல்ல ஏற்றுங்கள், இரைச்சல் நின்ற இடத்திலிருந்து ஒரு துளி மேலே வைத்துவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் நீளும் கார்டின் வால் துண்டாகும். ரிலீஸ் (மூட எடுத்துக்கொள்ளும் நேரம்) குறைவாக இருந்தால் பிரேக்டவுன் கத்தரித்ததுபோல் நிற்கும், மிகக் குறைவாக வைத்தால் இயந்திரம் வாசிப்பதுபோல் ஆகிவிடும், சிலருக்கு அதுவே பிடிக்கும். கெய்னைப் பத்தில் வைத்துவிட்டு நாய்ஸ் கேட்டை வைத்துச் சமாளிப்பது என்பது மட்டும் நடக்காது.

ரெக்கார்ட் செய்யும்போது ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' என்ற பொத்தானை அமுக்க மறக்காதீர்கள், லைன் இன்புட்டில் கிட்டாரைச் செருகினால் டோன் உயிரில்லாமல் போகும். உச்ச அடி மைனஸ் 12 டெசிபெல் சுற்றி இருந்தால் நல்லது, சிவப்பு விளக்கு எரியவே கூடாது. அங்கே நடக்கும் டிஸ்டார்ஷன் நமக்கு வேண்டாதது.

இப்போது தம்பி கேட்ட "வெயிட்" எங்கிருந்து வருகிறது என்பதற்கு வரலாம். ஆல்பங்களில் நாம் கேட்கும் அந்தச் சுவர் போன்ற சத்தம் ஒரு கிட்டார் கிடையாது. ஒரே ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழுக்க இடது பக்கமும் மற்றொன்றை முழுக்க வலது பக்கமும் வைக்கிறார்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையே இருக்கிற நுண்ணிய வித்தியாசங்கள்தான் அகலத்தைக் கொடுக்கின்றன. ஒரு டேக்கையே காப்பி பேஸ்ட் செய்து இரண்டு பக்கமும் போட்டால் நடுவில் கொஞ்சம் சத்தமாக ஒரே கிட்டார் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு டேக்கிலும் டிஸ்டார்ஷன் சேர்ந்து கூடுவதால் ஒவ்வொன்றிலும் கெய்ன் குறைவாகவே தேவைப்படும், அதிகமாக இருந்தால் இரண்டின் அடிகளும் பொருந்தாதது உடனே பல்லிளிக்கும். டேக்குக்கு டேக் ட்யூன் செய்துகொள்ளுங்கள். அடிகள் ஒன்றாகத் தொடங்குவதைக் கவனிக்கிறவர்கள் ஒன்றாக முடிவதைக் கவனிப்பதில்லை, பிரேக்டவுனில் கேட்கிறவருக்கு முதலில் உறுத்துவது அதுதான்.

மீதி எடை பாஸ் கிட்டாரிடமிருந்து வருகிறது. டிராப் சியில் பாஸின் தாழ்ந்த சி 32.7 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன கழித்தல் கணக்கு ஞாபகமிருந்தால், பவர் கார்டுக்குக் கீழே பிறக்கும் அதே சுரம். அந்த இடம் பாஸுடையது, கிட்டார் அங்கே போய் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆம்ப்புக்கும் ஐஆருக்கும் பிறகு கிட்டார் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் (high-pass) ஃபில்டரால் வெட்டிவிடுங்கள், மேலே 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் சுற்றி லோபாஸ் (low-pass) போட்டால் மொய்க்கும் இரைச்சலும் போய்விடும். பாஸ் கிட்டாருக்கும் லேசாக டிஸ்டார்ஷன் கொடுத்துப் பாருங்கள். கிட்டார் இரண்டையும் மியூட் செய்துவிட்டு பாஸை மட்டும் கேட்டால், இதுவரை கிட்டாரின் கனம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அங்கே இருப்பது தெரியும். தம்பியிடம் இதைச் செய்துகாட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப பாஸ்காரன்தான்ணா மெயினு" என்றான். கிட்டார்காரர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் ஏறக்குறைய அப்படித்தான்.

மேடை வேறு கதை. விஐடியின் ரிவியரா மாதிரிக் கல்லூரி விழாக்களில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் அங்கே என்ன ஆம்ப் வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போக முடியாது. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியிலேயே டோனைக் கட்டி எடுத்துப் போங்கள். மிக்ஸருக்கு நேரே கொடுத்தால் கேபினெட் ஆன் இருக்க வேண்டும். கிட்டார் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகினால் கேபினெட்டை ஆஃப் செய்ய வேண்டும், அங்கே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி பிரீசெட் செய்து பெயர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சவுண்ட் செக்குக்கு அவர்கள் தருகிற ஐந்து நிமிடத்தில் மெனுவுக்குள் நுழைந்து தேட நேரம் இருக்காது. வீட்டில் வைத்த பாஸைவிட மேடையில் இரண்டு குறைவாக, மிட் ஒன்று கூடுதலாக வையுங்கள், சவுண்ட் இன்ஜினியர் கைக்கு அப்படிப் போனால்தான் அவரும் உங்கள் கிட்டாரை ஏற்றுவார்.